பாரிட்டில் நிற்கும் தண்ணீரும் மரத்தடித் தண்ணீரும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் 6 ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் வாங்கிய நிலம். எட்டு நிரைக்கு ஒரு பாரிட் (வடிகால் வாய்க்கால்) ஓடுகிறது. பாரிட்டில் எப்போது போய்ப் பார்த்தாலும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் நடு நிரை மரங்களில் குருத்து விரியாமல் மூன்று நான்கு ஈட்டி மாதிரி நிற்கின்றன, குலையும் சிறுத்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர், பேக்கோவை (மண் தோண்டும் இயந்திரம்) கூப்பிட்டுப் பாரிட்டை இன்னும் மூன்றடி தோண்டு என்கிறார். நிலத்தடி நீர்மட்டத்தைத் தானே பதிவு செய்யும் கருவி ஒன்றும் கடையில் காட்டினார்கள். தோண்டட்டுமா, கருவி வாங்கட்டுமா?"

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மூன்று பிவிசி குழாய், ஒரு அளவு டேப், ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு வருடம் அளந்துவிட்டு அப்புறம் பேக்கோவைப் பற்றிப் பேசுவோம். நான் 31 வருடம் தோட்டத்தில் ஃபீல்டு வேலை பார்த்தவன். அதில் பாதிக்காலம் இந்தக் குழாய்களுக்குப் பின்னால் நடந்ததுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பாரிட்டில் தெரியும் தண்ணீர் பாரிட்டின் தண்ணீர்தான். மரத்தடியில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதை அது சொல்லாது. நம் வட்டாரம் கடற்கரைக் களிமண். அதற்குள் தண்ணீர் பக்கவாட்டில் நகர்வது நத்தை வேகம்தான். மழைக்காலத்தில் இரண்டு பாரிட்டுக்கும் நடுவில் தண்ணீர் மேடு கட்டி நிற்கும். பாரிட் ஓரத்தில் தாழ்ந்து, நடு நிரையில் உயர்ந்து, கவிழ்த்துப்போட்ட முறம் மாதிரி. வெயில் காலத்தில் அதே மட்டம் தலைகீழாகும். மரங்கள் நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்குகின்றன. பாரிட்டிலிருந்து நடுவுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் நடுவில் இருப்பது தீர்ந்துவிடுகிறது. அப்போது பாரிட் ஓரம் உயர்ந்தும் நடு தொய்ந்தும், பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி ஆகிவிடும். நீ சொல்லும் விரியாத குருத்துகள் இந்தத் தொய்வின் அடையாளமாக இருக்கலாம். செம்பனைக்குத் தாகம் எடுத்தால் முதலில் செய்வது புதுக் குருத்தை விரிக்காமல் வைத்துக்கொள்வதுதான். வேரில் தண்ணீர் நின்று மூச்சு முட்டும் மரம் வேறு மாதிரி இருக்கும்: மட்டை வெளிறும், மரம் வளராமல் குட்டையாக நிற்கும். ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதில் நானே பலமுறை தவறியிருக்கிறேன். அதனால்தான் குழாய்.

உன் நிலத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 9 மீட்டர் முக்கோண நடவு என்றால் நிரைக்கு நிரை 7.8 மீட்டர். எட்டு நிரைக்கு ஒரு பாரிட் என்றால் பாரிட்டுக்குப் பாரிட் சுமார் 62 மீட்டர், நடு இடம் 31 மீட்டர் தள்ளி. களிமண்ணில் 31 மீட்டர் சின்ன தூரமில்லை. நான்கு நிரைக்கு ஒரு பாரிட் போட்ட தோட்டங்களும் உண்டு. அங்கே இந்தக் கவலை பாதிதான்.

ஆகவே பாரிட்டுக்குச் செங்குத்தாக ஒரே நேர்கோட்டில் மூன்று குழாய் போடு. பாரிட் கரையிலிருந்து 2 மீட்டரில் ஒன்று, 15 மீட்டரில் ஒன்று, நட்டநடுவில் ஒன்று. பாரிட்டுக்குள்ளேயே அளவு குறித்த ஒரு கட்டையையும் அடித்துவிடு. மரத்தின் அடியில் போடாதே. மட்டை அடுக்கிய வரிசையிலும் வேண்டாம், அங்கே மண் எப்போதும் ஈரம், புழுவும் வேரும் துளைத்த ஓட்டை வேறு. குலை ஏற்றும் வண்டித் தடத்திலும் வேண்டாம். டிராக்டர் ஏறினால் குழாய் போச்சு.

குழாய் போடும் வேலையை அவசரப்பட்டுச் செய்தால் வருடம் முழுவதும் தப்பான எண்களை எழுதிக்கொண்டிருப்பாய். 2 அங்குல பிவிசி, 2 மீட்டர் நீளம். 30 சென்டிமீட்டர் மண்ணுக்கு மேலே, மீதி 170 கீழே. மேலே நிற்கும் பகுதியையும் அதற்குக் கீழே மண்ணுக்குள் முதல் 30 சென்டிமீட்டரையும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் ஹேக்ஸாவால் இரண்டு விரல் இடைவெளியில் கீறல் போடு. அடியில் மூடி ஒட்டு, ஆனால் அந்த மூடியில் ஒரு ஆணி ஓட்டை கட்டாயம் வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் வெயில் காலத்தில் மூடிக்குள் நாலு விரல் தண்ணீர் தங்கிவிடும், மண்ணில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும், உன் நோட்டில் மட்டும் வாரா வாரம் அதே எண் வரும். கீறல் போட்ட பகுதிக்குப் பழைய நைலான் காலுறையை மாட்டிக் கட்டு.

ஆகரால் (கையால் திருகி மண்ணில் துளை போடும் கருவி) துளை போடும்போது களிமண் துளைச் சுவரில் வெண்ணெய் தடவிய மாதிரி மழமழவென்று பூசிக்கொள்ளும். அந்தப் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது. கழிப்பறைக் கம்பி பிரஷ் ஒன்றை மூங்கிலில் கட்டி உள்ளே விட்டுச் சுவரைச் சுரண்டிவிட்டுத்தான் குழாயை இறக்க வேண்டும். சுற்றிலும் கழுவிய பருமணலைக் கொட்டு. கடற்கரை மணல் ஆகாது, உப்பு. மேலே கடைசி 30 சென்டிமீட்டருக்கு மணல் வேண்டாம், பிசைந்த களிமண்ணை உருண்டை உருண்டையாகப் போட்டு இடித்து அடை. இல்லையென்றால் மழைத் தண்ணீர் குழாய் ஓரமாகவே நேராக இறங்கி, நிலமெல்லாம் நிரம்பிவிட்ட மாதிரி பொய் சொல்லும். குழாயின் மேல்வாய்க்கும் ஒரு மூடி வேண்டும், அதிலும் ஒரு சின்ன ஓட்டை. காற்றுப் போகாமல் இறுக மூடினால் மட்டம் சரியாக ஏறி இறங்காது. மூடாமலே விட்டால் கொசு, தவளை. ஒரு முறை டேப்பை விட்டேன், 'ப்ளக்' என்று சத்தம் கேட்டது, 41 என்று எழுதிக்கொண்டேன். சத்தம் போட்டது தவளை.

போட்டு முடித்ததும் குழாயில் இருக்கும் தண்ணீரை நாலைந்து தடவை இறைத்துக் கொட்டு. மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுப் பார். ஒரு நாளுக்குள் பழைய மட்டத்துக்கு இறங்கிவிட்டால் குழாய் உயிரோடு இருக்கிறது. அப்படியே நின்றால் அது குருட்டுக் குழாய், பிடுங்கி மறுபடி போடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய். கீறலில் துரு மண் அடைத்துக்கொள்வது நம் பக்கம் சகஜம்.

அளப்பது எளிது. அரை அங்குலக் குழாயில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, மேல்பக்கம் அடைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்தபடி விட்டு, டேப்பின் நுனியில் மணி மாதிரி கட்டித் தொங்கவிடு. தண்ணீரைத் தொடும்போது 'ப்ளப்' என்று கேட்கும். இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கித் தட்டி, சத்தம் வரும் இடத்தைக் குழாயின் வாயில் படித்துக்கொள். குழாய் வாயில் ஒரே இடத்தில் பெயிண்டால் புள்ளி வைத்து எப்போதும் அந்தப் புள்ளியிலேயே படி.

இங்கேதான் என் சொந்தக் கதை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்தில் 14 குழாய்களை என் பொறுப்பில் விட்டார்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் வரை அளந்து அப்படியே எழுதினேன். வாய் மண்ணிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைக் கழிக்கவில்லை. கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை, நானும் கேட்கவில்லை. டேப் 98 என்று காட்டும், வாய் 32 சென்டிமீட்டர் உயரம், ஆக மண்ணிலிருந்து 66தான். நான் 98 என்று எழுதினேன். ஏழு மாதம்! மேலே இருந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்து நிலம் காய்கிறது என்று நினைத்து மதகை மூடியே வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் தாழ்வான பகுதியில் இளங்கன்றுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயிலும் அதன் உயரத்தை அழியாத மையில் எழுதிவைப்பது என் பழக்கம். நோட்டில் மூன்று கட்டம் போடு: டேப் காட்டியது, குழாய் உயரம், கழித்தது. கழித்ததை மட்டும் எழுதாதே, பின்னால் தப்பு கண்டுபிடிக்க வழியிருக்காது.

தண்ணீர் 170க்கும் கீழே போய்க் குழாய் காய்ந்துவிட்டால் 'வறண்டது' என்று எழுது. கட்டத்தைக் காலியாக விட்டால், அன்றைக்கு நீ போகவில்லை என்றுதான் பிறகு படிப்பவன் நினைப்பான்.

இன்னொன்று. வேருக்கு எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று அறிய, அந்தந்த இடத்து மண்ணிலிருந்து அளந்தால் போதும். ஆனால் மட்டம் மேடா தொய்வா என்று அறிய மூன்று குழாயும் பாரிட் கட்டையும் ஒரே மட்டத்துக்கு ஒப்பிடப்பட வேண்டும், ஏனென்றால் நிலமே ஏற்ற இறக்கமாக இருக்கும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயை ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் பிடித்து, கட்டம் கட்டமாக நகர்ந்தால் அரை நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நோட்டில் இப்படித் தெரியும் என்று வைத்துக்கொள்: ஒரே மட்டத்திலிருந்து கீழ்நோக்கி சென்டிமீட்டரில், மழை வாரத்தில் பாரிட் 70, முதல் குழாய் 62, இரண்டாவது 48, நடு 40. வெயில் வாரத்தில் பாரிட் 60, முதல் குழாய் 68, அடுத்து 85, நடு 97. முதல் வரி முறம், இரண்டாவது வரி கயிற்றுக் கட்டில். உன் நிலத்தில் வருடத்தில் எத்தனை வாரம் எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எப்போது அளப்பது? வாரம் ஒரு முறை, அதே கிழமை. அதுதவிர, பெருமழை பெய்தால் அடுத்த மூன்று நாளும் தொடர்ந்து. இந்த மூன்று நாள் கணக்குதான் வாரக் கணக்கைவிட அதிகம் பேசும். மழை அளக்க நேர்ச்சுவர் உள்ள ஒரு டின்னைத் திறந்தவெளியில் வைத்தால் போதும், ஸ்கேலை விட்டு அளந்துவிடலாம். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் நம் களிமண்ணில் தண்ணீர் புகுந்து வடியக்கூடிய இடைவெளி நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தால், 10 மில்லிமீட்டர் மழை நிலத்தடி மட்டத்தை 20 சென்டிமீட்டர் தூக்கிவிடும். புதிதாக அளப்பவர்கள் இந்தத் துள்ளலைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். பயம் வேண்டாம், ஏறியது எத்தனை நாளில் இறங்குகிறது என்று பார். மூன்று நாளில் நடுக்குழாய் 50க்குக் கீழே வந்துவிட்டால் உன் பாரிட் வேலை செய்கிறது. ஒரு வாரமாகியும் 20, 25-லேயே நின்றால் பாரிட் தூர்ந்திருக்கிறது, அல்லது கீழே எங்கோ அடைப்பு. பெரும்பாலும் சாலைக்கடியில் தண்ணீர் போகும் குழாயில் மட்டையும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கும். அதற்குப் பேக்கோ வேண்டாம், இரண்டு பேரும் ஒரு கொக்கியும் போதும்.

கடல் ஏற்றத்தையும் சொல்ல வேண்டும். நம் பெர்ணம் ஆறு ஊர்வரைக்கும் ஓதத்தோடு ஏறி இறங்குகிற ஆறு. மதகு திறந்து தண்ணீர் வெளியேறுவது ஆற்று மட்டம் இறங்கும்போது மட்டும்தான். அதனால் பெரிய பாரிட்டில் காலையில் பார்த்த மட்டம் மாலையில் இருக்காது. பாரிட் கட்டையைப் படிக்கும்போது மணியையும், தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்பதையும் பக்கத்தில் எழுது. நடுக்குழாயில் ஓதம் தெரியாது, தெரியக்கூடாது. அத்தனை மீட்டர் களிமண்ணைத் தாண்டி ஆறு மணி நேரத்தில் அந்த அலை வந்து சேராது. தெரிந்தால், நண்டு வளையோ பழைய வேர்த் துளையோ மணல் அடுக்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

அளப்பவர் யார் என்பதும் முக்கியம். தோட்டத்தில் ஒரு மண்டோர் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) இருந்தார், நல்ல மனுசர், ஆனால் முழங்கால் வலி. அவருடைய தாளில் எல்லா எண்ணும் 55, 60, 65 என்று ஐந்திலும் பூச்சியத்திலும்தான் முடியும். 80 மில்லிமீட்டர் மழைக்கு மறுநாளும் அதே 60. கடைவாசலில் தே தாரிக் குடித்தபடி எழுதிய எண்கள். உன் நிலத்தை நீயே அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது யாரிடமாவது விட்டுப் போனால், திரும்பி வந்ததும் எண்களின் கடைசி இலக்கத்தைப் பார்.

சரி, தோண்டும் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நான் உன்னைக் கையைப் பிடித்துத் தடுக்கிறேன்.

நம் நிலமெல்லாம் ஒரு காலத்தில் அலையாத்திக் காடு. கரை கட்டி, மதகு வைத்து, பாரிட் வெட்டி நிலமாக்கியது. கடல் தண்ணீரில் இருக்கும் சல்பேட்டும், சேற்றில் இருக்கும் இரும்பும், மக்கிய இலையும் சேர்ந்து காற்றில்லாத அந்தச் சேற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகமாகப் படிந்து கிடக்கிறது. தண்ணீருக்கடியில் இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. மட்டம் இறங்கி அதில் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். மண்ணின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3.5க்கும் கீழே போகும், அலுமினியம் கரைந்து வேரைத் தீய்க்கும். இப்படிப்பட்ட மண்ணை டச்சுக்காரர்கள் பூனைக் களிமண் என்று கூப்பிடுகிறார்கள். நம் நாட்டு மண் வரைபடத்தில் லினாவ், செடு, ஜாவா, பாரிட் போத்தாக், தொங்காங் என்ற பெயர்களில் வருபவை இந்தச் சாதி. சிலாங்கூர், பெர்ணம் என்று வருபவை நல்ல சாதி, கடற்கரைக் களிமண்ணிலேயே செம்பனைக்குப் பிடித்தவை. பக்கத்துப் பக்கத்து லாட்டில் ஒன்று இதுவும் மற்றொன்று அதுவுமாக இருக்கும். பக்கத்துக்காரர் தோண்டி நல்ல மகசூல் எடுத்திருக்கலாம், அவர் மண் பெர்ணமாக இருந்தால். உன் மண் செடு என்றால் மூன்றடி தோண்டுவது பைரைட் அடுக்கைத் திறந்துவிடுகிற வேலை.

எப்படித் தெரிந்துகொள்வது? ஆகர் போடும்போதே தெரியும். மேலிருந்து வரும் ஒவ்வொரு கை மண்ணையும் பழைய பேனர் துணியில் வரிசையாகப் பரப்பு. பழுப்பு, அப்புறம் சாம்பலில் துருப்புள்ளி, அப்புறம் ஒரு ஆழத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மெத்தென்ற சேறு. கையால் பிசைந்தால் விரலிடுக்கில் பிதுங்கும், அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடிக்கும். அது எத்தனை சென்டிமீட்டரில் தொடங்குகிறது என்று எழுதிக்கொள். உன் நோட்டிலேயே முக்கியமான எண் அதுதான். அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்து விரல் தடிமனில் தட்டி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் படும்படி, ஆனால் ஈரம் காயாமல் 8 வாரம் வை. முதல் நாள் பிஎச் தாளில் 6 காட்டியது 8 வாரம் கழித்து 4க்குக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பாரிட்டும் சொல்லும். கரையில் போன தடவை அள்ளிப்போட்ட மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் இருக்கிறதா பார், அது ஜாரோசைட், அமிலம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்வது. காய்ந்த காலத்துக்குப் பிறகு முதல் மழையில் விராலும் கெளுத்தியும் செத்து மிதந்தால் அதுவும் அப்படித்தான். இதைவிட நுட்பமான ஒன்று: பாரிட் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து, அடி மண் தெரியும்படி இருந்தால் சந்தோஷப்படாதே. களிமண் நிலத்துப் பாரிட் கலங்கலாக இருப்பதுதான் இயல்பு. கரைந்த அலுமினியம் கலங்கலைத் திரித்து அடியில் படியவைத்துவிடுகிறது, நாம் படிகாரம் போட்டுத் தண்ணீரைத் தெளியவைக்கிற அதே வேலை. மேலே எண்ணெய் மாதிரி மினுமினுக்கும் படலத்தைக் குச்சியால் குத்திப் பார். ஓடு மாதிரி உடைந்து தனித்தனியாக மிதந்தால் அது இரும்புப் படலம். உடைந்தவை மறுபடி கூடிக்கொண்டால் யாரோ கறுப்பெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மண்ணுக்குத் தோட்டங்களில் கடைப்பிடிக்கும் வழி, நீர்மட்டத்தை மண்ணிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டருக்குள் பிடித்துவைப்பது. மழைக்காலத்தில் அவ்வப்போது மதகைத் திறந்து பாரிட்டைக் கழுவிவிட்டு, நல்ல தண்ணீரால் மறுபடி நிரப்புவது. நிரப்ப மழை இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். ஜூன், ஜூலையில் பெரும்பாலும் காயும். ஆகவே மே கடைசியில் மூடிவைக்கத் தவறினால் ஜூலையில் கட்டில் தொய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கருவியைப் பற்றிக் கேட்டாய். கெட்ட பொருள் ஒன்றுமில்லை, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது தண்ணீரை நேராக அளப்பதில்லை. தன் தலைக்கு மேல் இருக்கும் அழுத்தத்தை அளந்து தண்ணீராகக் கணக்குப் போடுகிறது. அந்த அழுத்தத்தில் காற்றின் எடையும் சேரும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். நம் கடிகாரப்படி முற்பகல் 11 மணியை ஒட்டியும் இரவு 11 மணியை ஒட்டியும் உச்சம், மாலை 5, விடியற்காலை 5 வாக்கில் தாழ்வு.  இந்த வித்தியாசம் 3, 4 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். தனியாகக் காற்றழுத்தத்தை அளந்து கழிக்காவிட்டால், கருவியின் வரைபடத்தில் தினமும் இரண்டு அழகான அலை வரும். ஒரு தோட்டத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கடல் தண்ணீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது என்று கூட்டமே போட்டார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: கடல் ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும், காற்றின் அலை தினமும் அதே மணிக்கு வரும். உண்மையான மரத்தின் உறிஞ்சல் வேறு உருவம்: பகலில் இறங்கும், இரவில் தட்டையாக நிற்கும், மறுநாள் பகலில் மறுபடி இறங்கும், படிக்கட்டு மாதிரி. அமெரிக்காவில் வொயிட் என்பவர் 1932-லேயே நிலத்தடி மட்டத்தின் இப்படிப்பட்ட தினசரி அசைவிலிருந்து செடி குடிக்கும் தண்ணீரைக் கணக்கிடும் வழியை எழுதிவைத்தார்.

6 ஏக்கருக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. கையால் ஒரு வருடம் அளந்த பிறகு ஆசையிருந்தால் நடுக்குழாய்க்கு மட்டும் ஒன்று வாங்கு, கையால் அளப்பதை நிறுத்தாதே. இரண்டும் முரண்பட்டால் டேப்பை நம்பு.

கரி மண் (மக்கிய தாவரங்களால் ஆன மண்) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கதை வேறு. வடித்த கரி மண் மக்கி மறைந்துகொண்டே போகும், நிலமே வருடத்துக்கு வருடம் தாழும். குழாய் அப்படியே நிற்க மண் இறங்குவதால் 30 சென்டிமீட்டர் உயரமாக இருந்த வாய் சில வருடத்தில் 40 ஆகும். உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து திருத்தாவிட்டால் என் பழைய தப்பு உங்களுக்கும் வரும். ஆர்எஸ்பிஓ (நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டியில் கரி மண்ணுக்குச் சொல்வது, குழாயில் அளந்தால் சராசரி 50 சென்டிமீட்டர், அதாவது 40 முதல் 60க்குள். சேகரிப்புப் பாரிட்டில் அளந்தால் சராசரி 60, 50 முதல் 70க்குள். இரண்டு எண்ணும் ஏன் வேறு என்பது மேலே சொன்ன முறத்தை நினைத்தால் புரியும்.

உன் நிலத்துக்குத் திரும்புகிறேன். என் ஊகம், வெயில் மாதங்களில் உன் நடுக்குழாய் 90க்குக் கீழே போகும். அப்படித்தான் என்றால் செய்ய வேண்டியது தோண்டுவதற்கு நேர் எதிர்: உன் சின்னப் பாரிட் பெரிய பாரிட்டில் சேரும் இடத்தில் மண் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைப் பிடித்துவைப்பது. மூட்டையின் உச்சி மண்ணிலிருந்து 45, 50 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும், மழை வந்தால் மிஞ்சியது வழிந்து ஓடிவிடும். அதுவும் போதாமல் நடு தொய்ந்தால், நடுவில் ஆழமில்லாத ஒரு புதுப் பாரிட் போட்டு இடைவெளியைப் பாதியாக்கலாம். அது பேக்கோவுக்கு உரிய வேலைதான், ஆழத்தை மட்டும் நீ சொல், பைரைட் அடுக்குக்கு ஒரு சாண் மேலேயே நிறுத்தச் சொல். என் ஊகம் தப்பி, நடுக்குழாய் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் 20-லேயே நின்றால், தூர் வாருவது முதல் வேலை.

பலன் உடனே தெரியாது. இன்றைக்கு நீ வெட்டும் குலை ஆணா பெண்ணா என்று மரம் முடிவு செய்தது ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு முன்னால். மூட்டை போட்ட மூன்றாவது மாதமே குலை பெருக்கவில்லை என்று பிடுங்கிவிடாதே. குருத்து விரிவது மட்டும் அதற்கு முன்பே தெரியும், அதை எண்ணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவா.

ஆகர் என்னிடம் ஒன்று இருக்கிறது. கைப்பிடி ஒடிந்து கம்பி சுற்றியிருக்கும், ஆனால் 2 மீட்டர் போகும். வருகிற ஞாயிறு காலையில், வெயில் ஏறுமுன் வந்து எடுத்துக்கொள். பிரஷ்ஷையும் பழைய காலுறையையும் நீ கொண்டு வா.